எரு நெல்லும் உப்பு நெல்லும்

என் முதல் குழந்தை சோறு தின்னத் தொடங்கிய சில மாதங்களில் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். அதனால் இரண்டாவது முறை உண்டானபோது, வீட்டுக்குள் வரும் எல்லாவற்றின் மேலும் எனக்குச் சந்தேகம். பாலை முகர்ந்து பார்ப்பேன், தண்ணீரைத் துணியில் வடிகட்டுவேன். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும். அப்போதும் அப்படி, இப்போதும் அப்படி.

அந்த நேரம் பார்த்து என் கணவர் பாண்டிச்சேரியிலிருந்து வண்டியில் சீமை உரம் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளை வெளேரென்று இருந்ததால் பாகூர்ப் பக்கத்தில் எல்லோரும் அதை உப்பு உரம் என்றார்கள். ஒரு மூட்டை கிழிந்து வாசலோரம் சிந்தியது. பெருக்கி அள்ளிய பிறகும் அங்கிருந்த புல் கருகிப்போனது. அவரை இழுத்துவந்து அந்த இடத்தைக் காட்டினேன்.

"புல்லயே இப்பிடி கருக்குதே, இதுல வெளஞ்ச நெல்லு புள்ள வயித்துல இன்னா பண்ணும்?"

"மண்ணுக்குத்தான் போடறோம், சோத்துலயா கொட்டறோம்? சும்மா கெடடி."

நான் சும்மா கிடக்கவில்லை. மூன்று வேளை பட்டினி கிடந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி பட்டினி என்றதும் மனுஷர் இறங்கி வந்தார். கிணற்றடிக் கழனியில் மட்டும் உப்பு விழாது, மாட்டெருவும் கொழிஞ்சித் தழையும்தான். அந்த நெல் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சேர்த்துவைக்கும் குதிருக்கு, மற்றது விற்பனைக்கு என்று பேச்சு. அந்த வாக்கை நம்பித்தான் பிரசவத்துக்கு மதகடிப்பட்டில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.

அறுவடை முடிந்த பிறகு மகனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், "கெணத்தடி நெல்லு எங்க?" என்றேன். குதிரின் மூடியைத் திறந்து காட்டினார். நிறைந்திருந்தது. அந்த நெல்லைத்தான் அவித்துக் குத்தி, அவனுக்கு முதல் சோற்றைக் குழைத்து ஊட்டினேன். ஊட்டிவிட்டு ராத்திரி முழுக்க அவன் வயிற்றில் கை வைத்துப் படுத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை கொழுகொழுவென்று தேறினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏரிக்கரையில் எந்தப் பெண் எதிர்ப்பட்டாலும், "எல்லாம் எருப் போட்ட நெல்லுடி" என்று அளந்துகொண்டிருந்தேன்.

அடுத்த அறுவடைக்கு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். உப்பு போட்ட கழனி நெல்லை மரக்காலால் அளந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று சொல்லித்தான் அளப்பார்கள். என் கணவர் "லாபம்" என்று அளந்து, அதைத் தனிக் கூடையில் கொட்டி ஓரமாக வைத்தார்.

"அது எங்க போவுது?"

"வூட்டுக் குதிருக்குத்தான். ஒவ்வொரு கழனிலயும் மொத மரக்கா அங்கதான போவும்? எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்பிடித்தான்."

"போன வருசமும் போட்டீங்களா?"

"பின்ன? லாபத்த வெளில விக்கச் சொல்றியா?"

 மற்ற பத்துக் கழனியின் உப்பு நெல்லும் அந்தக் குதிரில் கலந்திருந்தது. அவர் ஏமாற்றவில்லை. அது வழக்கம், அதில் நான் சொன்ன உப்பும் எருவும் அவர் நினைவுக்கே வரவில்லை. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட எண்ணாமல் கத்தினேன்.

"வருசம் பூரா வெசத்தையா ஊட்டிக்கினு இருந்தேன்? இவனுக்கு எதுனா ஆச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

அவர் மரக்காலைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னார்.

"மொத கொயந்த தின்னப்ப ஊர்லயே இந்த உப்பு ஏதுடி? அது தின்னதெல்லாம் எரு நெல்லுதான?"

 களத்தில் எல்லோரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். அவ்வளவு நாளும் பயத்துக்கு ஒரு மூட்டையாவது இருந்தது, கையை நீட்டிக் காட்ட. இப்போது எதைக் காட்டுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் குதிர் நெல்லின் அரிசியிலேயே சோறு வடித்தேன். வேறு அரிசி இல்லை. பிள்ளை பசியில் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். முதல் கவளத்தை நான் வாயில் போட்டு மென்றேன். எப்போதும் போலத்தான் இருந்தது. இரண்டாவது கவளத்தை அவனுக்கு ஊட்டிவிட்டு, அவன் வயிற்றில் கை வைத்துக்கொண்டேன்.