டேபிளில் இல்லாத கோணம்

முனியாண்டியின் கிணறு ஒரே நாளில் எஸ்டேட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. யாரும் அடித்துப் பிடுங்கவில்லை. எங்கள் ஆபீசில் கணக்குப் போட்டோம், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாய்க் கரை ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் சர்வே ஆபீசில் நான் பிளான் வரைபவன். கணக்கெல்லாம் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஞானப்பிரகாசத்தின் பொறுப்பு. லாக் டேபிள் என்ற மடக்கை அட்டவணையை ஜெபம் போல ஒப்பிப்பார். லாக் என்றால் என்னவென்று கேட்டால் மட்டும் கோபம் வரும். எந்தக் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். விடை ஒத்துப்போனால் சிவப்பு மையில் 'டாலி' என்று எழுதுவார். அதற்குமேல் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

நிபோங் திபால் எஸ்டேட்டின் எல்லைக்கு ஒரு முக்கோணம் போட்டார்கள். எல்லை மூலையின் கோணத்தைச் சைன் மூலம் எடுக்க வேண்டும். டேபிள் எழுபது டிகிரி என்றது. இருவருக்கும் எழுபதே வந்தது, டாலி. ஆனால் நூற்றுப்பத்து டிகிரிக்கும் அதே சைன்தான். டேபிள் தொண்ணூறோடு நின்றுவிடும், மீதியை மனிதன் யோசிக்க வேண்டும். எங்கள் ஆபீசில் அந்தப் பழக்கம் இல்லை. முக்கோணம் நீண்டு, பக்கத்து நிலத்துப் பால்காரர் முனியாண்டியின் கிணற்றை விழுங்கியது.

அளந்த இடத்தில் வரைந்த படத்தில் மூலை அகலமாக இருந்ததைப் பெரிய கிராணியிடம் காட்டினேன்.

"டேபிள்ல இல்லாத கோணத்த நீ எங்கேருந்து தம்பி கொண்டாந்த?" என்றார்.

முனியாண்டி ஆபீசுக்கே வந்து நின்றார்.

"கெணறு இருந்த எடத்துலதான் இருக்குங்க ஐயா. எல்லைக் கல்லுதான் நடந்து வந்திருக்கு."

பெரிய கிராணி லாக் டேபிளைத் திறந்து காட்டினார். முனியாண்டி அதையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கிணற்றை மூடி ரப்பர் கன்று நட்டார்கள். மாடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் அவற்றை விற்றுவிட்டு, முனியாண்டி அதே எஸ்டேட்டில் ரப்பர்ப் பாலுக்காக மரம் சீவும் பால்மரம் வெட்டு வேலைக்குப் போனார்.

சில மாதம் கழித்து அடுத்த தோட்டத்தை அளந்தோம். அதே மாதிரி முக்கோணம், அதே டாலி. இந்த முறை பக்கத்திலிருந்த நிபோங் திபால் எஸ்டேட் துரையின் குதிரை லாயம் பறிபோனது. துரை நேரில் வந்து கத்திவிட்டுப் போனதும் பெரிய கிராணி வியர்வையோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, அன்னைக்கு என்னமோ ஒரு கோணம் சொன்னியே, அது என்னா?"

சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் லாயம் துரைக்கே திரும்பியது. அப்படியே கிணற்றுக் கணக்கையும் திருத்திவிடலாமே என்றேன்.

"அது டாலி ஆயிருச்சு தம்பி."

கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஒரு சைனுக்குக் கோணம் இரண்டு. எது சரி என்பதை முக்கோணத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் ஆபீசில் அதற்குள் மாட்டிக்கொண்டது யார் என்று பார்த்தார்கள்.