காது மிஷின் கட்டைகள்

பட்டாளத்திலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது இரண்டு காதும் போயிருந்தன. சண்டை நடந்த காலம் முழுவதும் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றவர். போன காதுக்கு ஈடாக ஒரு காது மிஷினைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சிகரெட் டப்பா அளவில் ஒரு பெட்டி, அது சட்டைப் பையில். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். இன்னொன்று இடுப்பில் கட்டிய தோல்பைக்குள் இருக்கும் பேட்டரிக் கட்டைகளுக்குப் போகும். நார்த்தாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் தெருவில் நடந்தால் சனம் கைவேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கும்.

பீரங்கி தின்றது காதை மட்டும்தான். கை இரண்டும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தன. அது எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வந்த வாரத்திலேயே நானும் மாமியாரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்துவிட்டார். கையிலிருந்த செம்பு பறந்து வந்து என் புருவத்தைக் கிழித்தது. மாமியார் காப்பித்தூளை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னாள்: "காது கேக்காத கோவம்த்தா. மனசுல வச்சுக்காத."

நானும் நம்பினேன். புதுக்கோட்டையில் எட்டாம் வகுப்பு வரை படித்த மேதாவி அல்லவா! கேட்காததால்தான் அடிக்கிறார், கேட்டால் அடிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். கட்டையில் உயிர் இருந்தால் என் உடம்பு தப்பிக்கும். அதனால் அந்த வீட்டில் நான் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டது அந்தக் கட்டைகளைத்தான்.

கட்டை இரண்டு வகை. ஒன்று டார்ச்சு லைட்டுக்குப் போடும் உருண்டைக் கட்டை. அது ஒரு வாரம் வந்தால் பெரிது. புதுக்கோட்டை ராஜ வீதிக் கடைகளில் கிடைக்கும். சண்டை முடிந்தும் சரக்குத் தட்டுப்பாடு தீராத நேரம் என்பதால் பழைய சரக்கைத்தான் தலையில் கட்டுவார்கள். அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, மேல் காகிதத்தில் ஈரக் கறை இருக்கிறதா, விரலில் பிசுபிசுக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன். இன்னொன்று சதுரக் கட்டை. இரண்டு தீப்பெட்டியை அடுக்கினது போல இருக்கும். அதன் தலையில் இரண்டு பித்தளைக் குமிழ்கள். அது திருச்சியில்தான் கிடைக்கும்.

உருண்டைக் கட்டையை டார்ச்சு பல்பை வைத்துச் சோதித்துவிடலாம். சதுரக் கட்டையில் பல்பை வைத்தால் பல்பே போய்விடும். ஆகவே நாக்கு. கடைக்காரன் முன்னால் நாக்கை நீட்ட அவருக்குக் கௌரவக் குறைச்சல். வீட்டுக்குக் கொண்டுவந்து என் தாடையை இறுக்கிப் பிடித்து, குமிழ் இரண்டையும் என் நாக்கில் அழுத்துவார். மண்டைக்குள் தேள் கொட்டும். நான் துள்ளி விழுந்தால், "நல்ல கட்டைதான்" என்பார். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க எதைத் தின்றாலும் இரும்பைச் சப்பியது போல இருக்கும்.

வாங்கினதைத் தனித்தனியாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் புதுப் பானையில் உமி போட்டு அதற்குள் வைப்பேன். பானையை நெல் குதிருக்குப் பின்னால் வெயில் படாத மூலையில் வைத்துவிடுவேன். அவர் படுத்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கட்டை சும்மாவே தீரும். மாமியாருக்கோ எதையும் மிளகாயோடு வெயிலில் காயப்போட்டால்தான் திருப்தி. செத்த கட்டைகளை மட்டும் காயப்போட விட்டேன்.

அப்படியிருந்தும் ஆயுத பூசை வந்தது.

அரிவாள், மண்வெட்டி, கலப்பை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. மகனுக்குச் சோறு போடும் பொருள் இல்லையென்றாலும் காது மிஷினும் ஆயுதம்தான் என்று மாமியார் முடிவு பண்ணிவிட்டாள். பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கி, அதில் மிஷினை வைத்தாள். அப்போதுதான் திருச்சியிலிருந்து வந்திருந்த சதுரக் கட்டையையும் வைத்தாள். தலையில் இருந்த குமிழ்களை அவள் கால் என்று நினைத்துவிட்டாள். மணைக்குக் கால் இருப்பது போல. குமிழ் இரண்டும் தாம்பாளத்தில் படும்படி நிற்கவைத்து, மேலே சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, தும்பைப் பூவும் வைத்தாள். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது. அவரும் சரி என்று பகல் முழுக்கச் செவிடாகவே உட்கார்ந்திருந்தார்.

நான் மாட்டுக் கொட்டில் வேலையை முடித்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தபோது கட்டை சுட்டது.

"சாமி எறங்கியிருக்குத்தா" என்றாள் மாமியார்.

"தலகீழா வச்சிருக்கீங்களே அத்தை" என்றேன். குமிழ் இரண்டும் பித்தளையில் பட்டு, கட்டையின் உயிர் அத்தனையும் தாம்பாளத்தில் இறங்கிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் மிஷினை மாட்டி, பெட்டியில் சத்தத்தைக் கூட்டும் சக்கரத்தைத் திருகினார். சத்தமே இல்லை. கட்டையை எடுத்துப் பார்த்தார். பொட்டு இருந்தது. செவிடருக்குத் தன் குரல் தெரியாதல்லவா, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்: "பொட்டு வச்சு வெளையாடுறியா?"

மண்வெட்டியைத்தான் எடுத்தார். நல்லவேளை, காம்புப் பக்கம். அதிலிருந்த சந்தனம்கூட அழியவில்லை. முதுகில், தொடையில், தடுக்கப் போன கையில். கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "நானில்லங்க, நானில்லங்க" என்று கத்தினேன். மாமியார் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அவளையும் ஒரு காலத்தில் யாரோ அடித்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவள் கழுத்தை நெரிக்கத்தான் தோன்றியது.

மூங்கில் பத்தை வைத்துக் கையைக் கட்டினார்கள். அப்போதும் நான் என்னையே தேற்றிக்கொண்டேன். பாவம், அவருக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார்.

தீபாவளிக்கு முன்னால் திருச்சியிலிருந்து புதுக் கட்டை வந்தது. மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "பேசு" என்றார். நான் எதிரில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் நடந்ததை ஒன்று விடாமல் நிதானமாகச் சொன்னேன்.

"ஆத்தாவா வச்சுச்சு?"

"ஆமாங்க."

"அப்ப நீ என்ன புடுங்கிக்கிட்டு இருந்த?"

அவ்வளவும் கேட்டிருக்கிறது, ஒரு எழுத்துப் பிசகாமல். பிறகு சக்கரத்தைத் திருகி அணைத்தார். காதிலிருந்து கழற்றி, இடுப்புத் தோல்பையையும் அவிழ்த்தார். வயரைப் பட்டாளத்து ஒழுங்கோடு சுருட்டி, மாடக்குழியில் பதனமாக வைத்தார். படுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து என் நெஞ்சில் உதைத்தார்.

தரையில் கிடந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மிஷின் வேலை செய்த நாட்களில் விழுந்த அடிகளையும் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது மாடக்குழியில்தான் இருந்திருக்கிறது. அவர் அடித்தது கேட்காததால் இல்லை. அடிப்பதற்காகத்தான் கேட்காமல் இருந்திருக்கிறார். நான் அலறுவது அவருக்குச் சகிக்காது. எனக்கு வலி போய்விட்டது.

அவர் அடித்த களைப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல கையால் மாடக்குழியிலிருந்த மிஷினை எடுத்தேன். கட்டைப் பையை அவர் மடியில் எறிந்து, சக்கரத்தை முடிந்தமட்டும் திருகி, வயர் நுனியில் இருந்த காதுக் குமிழை அவர் காதுக்குள் அழுத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்தார், ஆனால் இழுக்கவில்லை. வயர் அறுந்தால் வேறு வயருக்கு எங்கே போவார்! பெட்டியை என் வாயோடு ஒட்டி வைத்து அலறினேன். செம்புக்கும் நாக்குக்கும் கைக்கும் சேர்த்து அலறினேன். மனிதர் சுருண்டு பக்கவாட்டில் சாய்ந்தார். குடம் உருண்டு உடைந்தது. மாமியார் ஓடிவந்து நின்றாள்.

பிறகு குரலை இறக்கிச் சொன்னேன். "இனிமே அடிக்கணும்னா இத மாட்டிக்கிட்டு அடிங்க. கழட்டுனா நான் இங்க இருக்க மாட்டேன். கேக்குதா?"

"கேக்குது" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அதன் பிறகு கட்டை தீர்ந்த அன்றைக்கே புதுக்கோட்டையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். அவரே திருச்சிக்குப் போய்ப் புதுக் கட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிட வந்து வாசலில் நிற்பார். நான் வெளியே போகமாட்டேன். அடுப்படியில் இருந்தபடியே, "வந்துட்டீங்களா" என்று மெல்லக் கேட்பேன். அது காதில் விழுந்து அவர் திரும்பிப் பார்த்தால்தான் என் துணிப்பெட்டியைத் தூக்குவேன்.