வெளிய குடுத்துப் பண்ண வண்டி

பதினெட்டு வருஷம் லேத் மெஷின்ல நின்ன கை இது. சிங்கப்பூர்ல, துவாஸ் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரி, கப்பலுக்கு வால்வு பார்ட்ஸ் கடைஞ்சு குடுப்போம். ஃபேக்டரி மலேசியாவுல ஜோகூருக்குப் போச்சு, நாங்க வேலை போய் வீட்டுக்கு வந்தோம். கடைசி நாள், மூலையில தூசி பிடிச்சுக் கிடந்த மேசை லேத்தைக் காட்டி, "வேணும்னா எடுத்துட்டுப் போ லா"ன்னாரு சூப்பர்வைசர். லாரி பிடிச்சுக் கொண்டுவந்து, குண்டு விழுந்தா ஒளிஞ்சுக்க இங்க வீட்டுக்கு வீடு கட்டி வெச்சிருக்க பாம் ஷெல்டர் ரூமுக்குள்ள அரிசி மூட்டையையும் பழைய சூட்கேஸையும் நகர்த்திட்டு வெச்சேன். லிஃப்ட்ல பாத்த பக்கத்து வீட்டு அம்மா, "தையல் மெஷினா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். யாரு விளக்கிக்கிட்டு இருக்கிறது!

என் வீட்டுக்காரருக்கு தஞ்சோங் பகார்ல ஆபீஸ் வேலை. ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்பணும்னு இன்னும் யோசிக்கிற ஆளு. அவருக்கு ஆபீஸ்ல யாரோ காட்டி, ரிமோட் வண்டிப் பைத்தியம் பிடிச்சுச்சு. ரோட்ல சர்ருனு ஓடுற வண்டி இல்ல. முழங்கை நீளத்துக்கு ஒண்ணு, பாறை மேலயும் மர வேர் மேலயும் மெதுவா ஏறி இறங்குற காட்டு வண்டி. ஞாயித்துக்கிழமை காலையில புக்கிட் பாத்தோக் பக்கம் ஒரு கூட்டமே கூடும். எல்லாம் ஆம்பளைங்க, குழந்தையைத் தூக்குற மாதிரி வண்டியைத் தூக்கிக்கிட்டு வருவாங்க.

கடையில வாங்குற வண்டிக்கு முன் சக்கரம் மட்டும்தான் திரும்பும். இவருக்கு நாலும் திரும்பணும். முன்னது இடது பக்கம்னா பின்னது வலது பக்கம், அப்பதான் ரெண்டு வேருக்கு நடுவுல நின்ன இடத்துலயே வளையும்.

"நீதான் வீட்ல சும்மா இருக்கியே, உனக்கும் டைம்பாஸா இருக்கும்"ன்னாரு.

சும்மா! எத்தனை இடத்துக்கு அப்ளை பண்ணேன், எத்தனை இன்டர்வியூ போனேன்னு அவருக்குத் தெரியும். வயசைக் கேட்பாங்க, அப்புறம் "நாங்க கூப்பிடுறோம்"பாங்க. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா சரின்னேன். ஏன்னு உண்மையைச் சொல்லிடுறேன். அந்த ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல பாதிப் பேரு ஒர்க்ஷாப் வெச்சிருக்கவங்க. யாராவது ஒருத்தர் வண்டியைப் பாத்து, "இதை யாரு பண்ணது?"ன்னு கேக்கணும். இவரு, "என் மனைவி"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான். அதுக்காக அஞ்சு மாசம் உழைச்சேன்.

பாம் ஷெல்டர் இரும்புக் கதவைச் சாத்திட்டா சத்தம் வெளிய போகாது, காத்தும் உள்ள வராது. வேர்வையில நனைஞ்சு வெளிய வருவேன். பின் சக்கரம் திரும்புறதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு முட்டி வேணும், நம்ம கணுக்கால் மாதிரி. அலுமினியக் கட்டையில கடைஞ்சு, அரம் போட்டு, ரெண்டும் ஒண்ணுபோல வர்ற வரைக்கும் எத்தனையோ கட்டை வீணாப் போச்சு. அலுமினியத்துக்காக லிட்டில் இந்தியாவுல சந்து சந்தா ஹார்ட்வேர் கடை ஏறி இறங்குனேன். ஒரு கடைக்காரரு, "வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா, அவருக்குத்தான் அளவு தெரியும்"னாரு. பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து அவர் மேசையில வெச்சேன். அப்புறம் அளவைக் கேட்டு அறுத்துக் குடுத்தாரு அந்த மனுஷன்.

முதல் தடவை ஓட்டினப்போ பின் சக்கரமும் முன் சக்கரம் போற பக்கமே திரும்பி, வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல போச்சு. மோட்டாரைத் திருப்பி மாட்டினேன். அடுத்து, ஏத்தத்துல மல்லாந்து விழுந்துச்சு. முன்பக்கம் எடை பத்தல. சக்கரத்துக்குள்ள பித்தளை வட்டு போடணும். பித்தளைக்கு எங்க போறது? சமையலறையில நின்னு யோசிச்சுக்கிட்டே கை டிராயரைத் திறந்துச்சு. முறுக்கு அச்சு! சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடையில வாங்கின கனமான பித்தளை. நட்சத்திர அச்சை ஒரு சக்கரத்துக்கு எடுத்தேன், மூணு ஓட்டைத் தேன்குழல் அச்சை இன்னொண்ணுக்கு எடுத்தேன். ஓரத்தைக் கடைஞ்சு, சமையல் தராசுல வெச்சு ரெண்டையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தேன். மாட்டி விட்டதும் சோபா மெத்தை மேல ஜம்முனு ஏறுச்சு. நான் தனியா நின்னு கைதட்டுனேன். வெக்கமா இல்ல, சந்தோஷமா இருந்துச்சு.

இவருக்கு ரிமோட்டைச் சொல்லிக் குடுத்தேன். "இந்தச் சுவிட்சு பின் சக்கரத்துக்கு. பள்ளத்து ஓரமாப் போறப்ப இதை ஆஃப் பண்ணிடுங்க. இல்லன்னா பின்பக்கம் வெளிய வீசும், விழுந்துடும்." ஃபோனைப் பாத்துக்கிட்டே, "ம்ம், ஓகே ஓகே"ன்னாரு.

அந்த ஞாயித்துக்கிழமை நானும் போனேன். கறி பஃப் ஒரு டப்பா நிறையச் சுட்டு எடுத்துக்கிட்டேன். வண்டி வேருக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறதைப் பாத்து, ஓட்டிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் நிறுத்திட்டு வந்துட்டாங்க. "அடேங்கப்பா, எப்படி பிரதர்?"ன்னு தோள்ல தட்டுறாங்க. இவரு சிரிச்சுக்கிட்டே நிக்கிறாரு. ஏதோ கொஞ்சம் பொழுதுபோக்கா பண்ணேன்ங்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

அந்தக் கூட்டத்துல வயசுல பெரியவர் ஒருத்தர், உபி தொழிற்பேட்டையில சொந்தமா ஒர்க்ஷாப் வெச்சிருக்கவர், நம்ம தமிழ் ஆளுதான். வண்டியைக் கையில எடுத்துத் திருப்பிப் பாத்தாரு. "இந்த முட்டியை யாரு தம்பி கடைஞ்சது? இப்படிக் கை வேலை தெரிஞ்ச ஆளைத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன்."

டப்பாவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கிறேன்.

"வெளிய குடுத்துப் பண்ணேண்ணே"ன்னாரு என் வீட்டுக்காரரு.

அவரு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. பெரியவரு விடல, முன் சக்கரத்தைச் சுத்திப் பாத்தாரு, கண்ணாடியை மேல ஏத்திக்கிட்டு இன்னொரு தடவை பாத்தாரு. அப்புறம் ஒரு சிரிப்புச் சிரிச்சாரு பாருங்க!

"தம்பி, எந்த ஊரு ஒர்க்ஷாப்புல முறுக்கு அச்சுல வெயிட் போட்டுக் குடுக்குறான்?"

எல்லாரும் சிரிச்சாங்க. இவருக்கு முகம் சிவந்துடுச்சு. "அது வந்து... நான் சொல்லச் சொல்ல வீட்ல இவதான் செஞ்சா லா. ஐடியா எல்லாம் நம்மது."

சொல்லச் சொல்லவாம்! என்ன சொன்னாரு? "முடிஞ்சுதா, முடிஞ்சுதா"ன்னு தினம் கேட்டாரு, அதைத் தவிர என்ன சொன்னாரு? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கணும். வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தேன்? ஆனா அத்தனை பேரு முன்னால புருஷனை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு நின்னேன். அவரு என்னை விட்டுக்குடுத்து ஒரு நிமிஷம் ஆகல.

பெரியவரு என் பக்கம் திரும்பி, "எங்கம்மா வேலை பாத்தீங்க?"ன்னாரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இவரு, "துவாஸ்ல இருந்தாண்ணே. இப்ப ரெஸ்ட்ல இருக்கா"ன்னாரு.

பெரியவரு பர்ஸைத் திறந்து நேம் கார்டு ஒண்ணு எடுத்தாரு. எடுத்து, என் கிட்ட இல்ல, இவருகிட்ட நீட்டினாரு. நம்ம ஆளுங்க பழக்கம் அது. அடுத்தவன் பொண்டாட்டி கையில நம்பர் குடுக்க மாட்டாங்க, அதை மரியாதைன்னு நெனைப்பாங்க. "வீட்ல பேசிட்டுக் கூப்பிடுங்க தம்பி"ன்னாரு. நானும் கை நீட்டல. டப்பாவைக் கீழ வெச்சுட்டு, "எனக்குக் குடுங்கண்ணே"ன்னு கேட்டிருக்கலாம். காருக்குப் போனதும் குடுப்பாருன்னு நெனச்சேன். என் வாழ்க்கையில நான் பண்ண பெரிய மடத்தனம் அதுதான்.

கார்ல குடுக்கல. வீட்லயும் குடுக்கல. மறுநாள் கேட்டேன், "ஆபீஸ் பேன்ட்ல இருக்கு"ன்னாரு. அடுத்த வாரம் கேட்டேன், "எங்க வெச்சேன்னு தெரியல, தேடுறேன்"ன்னாரு. பேன்ட் பாக்கெட் எல்லாம் நானே துழாவினேன். பஸ் ரசீதும் மிட்டாய்க் காகிதமும் இருந்துச்சு. மூணாவது தடவை கேட்டதுக்கு, "இப்ப என்ன அவசரம், வீடு யாரு பாக்குறது?"ன்னாரு. சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காத மனுஷன் அதைச் சொல்றாரு.

கார்டு எதுக்கு எனக்கு? ஒரு சனிக்கிழமை காலையில பஸ் ஏறி உபி போயிட்டேன். அடுக்கடுக்கா ஒர்க்ஷாப் இருக்கிற கட்டடத்துல மாடி மாடியா ஏறி, ஒவ்வொரு கதவா விசாரிச்சு, அஞ்சாவது மாடியில கண்டுபிடிச்சேன். உள்ள போனதும் கட்டிங் ஆயில் வாசனை மூக்குல ஏறுச்சு. கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் பெரியவர் முன்னாடி போய் நின்னேன்.

அவரு பதறி எழுந்தாரு. "நீங்களாம்மா! உக்காருங்க." கொஞ்ச நேரம் டீ வாங்கி வரச் சொல்லவா, வெயில் ஜாஸ்தியான்னு என்னென்னமோ பேசினாரு. அப்புறம் மெதுவா, "உங்க வீட்டுக்காரர் மறுநாளே ஃபோன் பண்ணிட்டாரேம்மா"ன்னாரு. "உங்களுக்கு இஷ்டம் இல்ல, வீட்டைப் பாத்துக்கிட்டாப் போதும்னு சொன்னீங்கன்னாரு. போன வாரம்தான் வேற ஆளு போட்டேன்."

தேடவே இல்ல, தொலையவும் இல்ல. மறுநாளே கூப்பிட்டிருக்காரு. நான் பேன்ட் பாக்கெட்டைத் துழாவிக்கிட்டு இருந்தப்போ பக்கத்துல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தாரு.

பெரியவருக்கு நன்றி சொல்லிட்டு வந்தேன். புது ஆளு மெஷின்ல நின்னான். ஒரு நிமிஷம் அவன் கையையே பாத்துக்கிட்டு நின்னுட்டு இறங்கினேன். வீட்ல அன்னைக்கு ஒண்ணும் பேசல. பேசினா என்ன பேசியிருப்பேன்னு எனக்கே பயமா இருந்துச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. மத்தியானம் இவரு சேறும் சகதியுமா வந்து, வண்டியைச் சாப்பாட்டு மேசை மேல தொப்புனு வெச்சாரு. பின் முட்டி ஒண்ணு உடைஞ்சு தொங்குது. சுவிட்சை ஆஃப் பண்ணாம பள்ளத்து ஓரமா விட்டிருக்காரு. பின்பக்கம் வீசி, லோங்காங்ல, அதான் மழைத்தண்ணிக் கால்வாய்ல, விழுந்திருக்கு.

"பாரு, நீ பண்ண லட்சணத்தை. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடு லா."

ஓடுனப்போ அது வெளிய குடுத்துப் பண்ணது. உடைஞ்சதும் நான் பண்ணது.

சின்ன ஸ்பேனரை எடுத்து, முன் சக்கரம் ரெண்டையும் கழட்டி, நட்சத்திர அச்சையும் தேன்குழல் அச்சையும் எடுத்தேன். ஓரம் கடைஞ்ச அச்சு இனிமே முறுக்குக்கு ஆகாது, அது எனக்குத் தெரியும். சேத்தைக் கழுவி, துணியில துடைச்சு, என் சர்டிபிகேட் ஃபைலோட சேத்துக் கைப்பையில வெச்சேன்.

"ஏய், என்ன பண்ற? அது இல்லாம எப்படி ஏறும்?"ன்னாரு.

"உபிக்குப் போனேன் நேத்து"ன்னேன்.

வண்டியை அவரு பக்கமாத் தள்ளினேன்.

"வெளிய குடுத்துப் பண்ணிக்கங்க."