கை மேல் கை

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. என் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் முழுசாக மடங்காது. நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று உடனே ஆரம்பிப்பீர்கள். நான் சுரங்க ரயில் ஓட்டுகிறவள். ஒன்பது வருஷமாக இருட்டுதான் என் ஆபீஸ். இருட்டைப் பார்த்து அரளுகிற ஆளாக இருந்தால் எனக்கு முதல் மாதச் சம்பளமே வந்திருக்காது. அதோடு, இது நடந்தது நடு ராத்திரியில் இல்லை. சாயங்காலம், ஆபீஸ் விடுகிற நேரம். என் முதுகுக்குப் பின்னால் எட்டுப் பெட்டிகளில் மூச்சு விட இடமில்லாமல் ஜனம் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் வேலை எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியிலிருந்து தரைமேல் ஓடி வருகிற ரயில் ஒன்று உண்டு. அது வேறு கம்பெனி. அந்த வண்டி ஒரு சரிவில் இறங்கி, பூமிக்குள் புகுந்து, எங்கள் சுரங்கப் பாதையிலேயே தொடர்ந்து ஓடும். பயணிகள் யாரும் இறங்கி மாற வேண்டாம். வண்டி அதேதான், ஓட்டுகிற ஆள் மட்டும் மாற வேண்டும். சரிவு முடிகிற இடத்தில் இருக்கும் முதல் சுரங்க ஸ்டேஷனில் அவர்கள் ஆள் இறங்குவார், எங்கள் ஆள் ஏறுவார். அந்த ஸ்டேஷனை நாங்கள் எல்லை என்போம்.

அவர்கள் ஆட்களில் ஒருவர் என் கணவர்.

சிரிக்காதீர்கள். பாதி நாள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே எல்லையில் அரை நிமிஷம்தான். "உங்களுக்குச் சண்டை போடக்கூட நேரம் கிடைக்காதே" என்று கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மாமா கிண்டல் செய்வார். அவர் செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுவார். அதனால் அவருக்கு ரேடியோ மாமா என்று பேர்.

எல்லையில் வண்டியை மாற்றிக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. வண்டியை ஓட்டுகிற லீவரைப் பிடித்திருப்பவர் கையை எடுக்கக் கூடாது. வருகிறவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைக்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்து, "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அடியில் இருக்கும் கை உருவிக்கொள்ளும். இன்றைய வண்டிகளுக்கு இது தேவையே இல்லை. லீவரை விட்டால் பிரேக் தானாக விழும். பழைய வண்டிகள் அப்படியில்லை. அந்தக் காலத்தில், வண்டியை எடுக்க வந்த ஒருவர் பிளாட்பாரத்தில் யாரிடமோ அரட்டை அடித்துக்கொண்டே, கையும் வைக்காமல் முகமும் பார்க்காமல், "எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் மட்டும் சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவர் அதை நம்பிக் கையை எடுத்துவிட்டு, இறங்கக் காலை வெளியே வைத்திருக்கிறார். வண்டி தானாக உருண்டது. பிளாட்பாரம் முடிகிற இடத்துச் சுவரில் அவரைத் தேய்த்துக்கொண்டே போனது. பயிற்சியின் முதல் நாளே இதை எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. அவருடைய அக்கா இரண்டு மாதம் எங்களோடு தங்கப் போகிறாராம். எங்கள் வீடு ஒரே அறை. கட்டிலை மடக்கினால்தான் மேசையை விரிக்க முடியும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி சொல்லிவிட்டு, பல் தேய்த்துக்கொண்டே எனக்கு அறிவிக்கிறார்.

"எங்க படுப்பாங்க? உங்க தலை மேலயா?"

"ரெண்டே மாசம்தானே. அக்கா பாவம்."

"நான் பாவம் இல்லையா? இன்னிக்குப் பூரா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"முழிக்காதே. கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டு."

கையில் இருந்த டம்ளரை வீசினேன். அவர் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் பட்டு நசுங்கியது. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கிளம்பும்போது, "போற வழியில யாராவது உங்களை வண்டியிலேர்ந்து பிடிச்சுத் தள்ளிவிட மாட்டாங்களா" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பிரேக் கிடையாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லைப் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். அவருடைய வண்டி 6.12-க்கு வரும். அந்தப் பன்னிரண்டு நிமிஷம் என்ன செய்தாய் என்று பிறகு பலரும் கேட்டார்கள். கோபத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. நான் ஏறுகிற நாட்களில் அவர் ஒரு குட்டி ஹாரன் அடிப்பார். அன்று அடிக்கவில்லை. 'ரோஷமாக்கும்' என்று நினைத்தேன். ஓட்டுநர் அறைக் கதவின் பிடி ஈரமாக இருந்தது. உள்ளே வழக்கத்தைவிட அதிகக் குளிர். பிரேக் கருகுகிற மாதிரி ஒரு வாடை.

யூனிஃபார்மும் தொப்பியுமாக அவர் உட்கார்ந்திருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. சபதம் சபதம்தான். தோளுக்குப் பின்னால் நின்றபடியே கையை நீட்டி, லீவரில் இருந்த கையின் மேல் வைத்தேன். ஐஸ் பெட்டியில் கைவிட்ட மாதிரி இருந்தது.

"எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

அந்தக் கை உடனே விலகவில்லை. ஒவ்வொரு விரலாக... மெதுவாக... வந்தது. நான் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் நகர்ந்தார். புறப்படும் மணி அடித்தது. வண்டியை எடுத்தேன்.

சுரங்கத்துக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. கதவு திறந்து மூடுகிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

பக்கத்துக் கொக்கியில் அவருடைய பை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இறங்கவில்லை. இதற்கு முன்பும் ஒருமுறை சண்டை போட்ட அன்று, சமாதானம் பேச இரண்டு ஸ்டேஷன் என்னோடு வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

"சமாதானத்துக்கு வந்தீங்களா? பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்னு சும்மாவா சொன்னாங்க."



ட்டப்... ட்டப்... பின்னால் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

சுரங்கத்து இருட்டில் வண்டியின் முன் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும். உள்ளே இருப்பது அதில் தெரியும். என் தலைக்கு மேலே தொப்பி தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு தோள் இருந்தது. இன்னொரு தோள் இருக்க வேண்டிய இடத்தில் சட்டை தட்டையாக ஒட்டிக் கிடந்தது.

ரேடியோ கரகரத்தது. மணி 6.15.

"எம்மா..." ரேடியோ மாமா. குரலில் செய்தி வாசிப்பு இல்லை. "வண்டியில உன்கூட யாரு இருக்கா?"

"வேற யாரு, என் வீட்டுக்காரர்தான்."



"உன் வீட்டுக்காரர் சரிவுலேர்ந்து சுவர் போன்ல பேசிக்கிட்டிருக்காரும்மா. சிக்னல்ல நின்னப்போ யாரோ அவரை வண்டியிலேர்ந்து பிடிச்சுத் தள்ளிட்டாங்களாம். மூச்சு விட முடியல அவரால." நிறுத்தினார். "எல்லைக்கு அந்த வண்டியைக் கொண்டுவந்தது யாரு?"



லீவரை விடு. வண்டி நின்றுவிடும். ஒன்பது வருஷப் பழக்கம். கையை எடுக்கப் போனேன்.

என் கை மேல் ஒரு கை வந்து விழுந்தது.

முன்னுக்குத் தள்ளியது. வண்டி துள்ளியது. பின் பெட்டிகளில் ஜனம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அலறுவது கேட்டது.

"எம்மா, அடுத்த ஸ்டேஷன்ல வண்டி நிக்குது. கதவு மூடல. நீ நிறுத்து."

எதிரே சிவப்பு விளக்கு. தாண்டினோம். சிவப்பைத் தாண்டினால் வண்டி தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஏன் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

இடது கையால் அவசரப் பிரேக்கை எட்டினேன். என் கூந்தலில் ஏதோ மாட்டியது. தலையைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் இருந்த கண்ணாடியில் மோதியது. ஒருமுறை. மறுமுறை. மூக்கு உடைகிற சத்தம் என் காதுக்கே கேட்டது.

மேலே இருந்த கை இறுகியது. மளுக்... ஒரு விரல். மளுக்... இன்னொன்று.

கத்தினேன். குனிந்து அந்தக் கையைக் கடித்தேன். பல் பதியவே இல்லை. வாயெல்லாம் மசகும் துருவும்.

தூரத்தில் வெளிச்சம். ஸ்டேஷன். நிற்கிற வண்டியின் சிவப்பு வால் விளக்குகள் இரண்டு.

பெரிதாகின்றன...

அப்போதுதான் புரிந்தது. நான் வாயால் மட்டும்தான் சொன்னேன். முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பினேன்.

பாதி முகம்தான் இருந்தது. மீதி, சுவரில் தேய்த்து வழித்தெடுத்த மாதிரி இருந்தது. இருந்த ஒரு கண் என்னைப் பார்த்தது. காத்திருந்தது.

அந்தக் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"எடுத்துக்கிட்டேன்."

கை போய்விட்டது.

லீவரை விட்டேன். பிரேக் விழுந்தது. சக்கரங்கள் கீறி அலறின. இரண்டு சிவப்பு விளக்குகளுக்கும் என் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் மிச்சம் இருந்தபோது வண்டி நின்றது.

ஓட்டுநர் அறைக் கதவை உடைத்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள். உள்ளே வேறு யாரும் இல்லை. அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததுதான் எனக்குத் தெரியும்.

என் கணவர் அடுத்த வார்டில் கிடந்தார். நாலு விலா எலும்பு முறிவு, ஒரு தோள்பட்டை நொறுங்கியிருந்தது. உயிரோடு இருந்தார். சக்கர நாற்காலியில் என்னை அவர் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை நிற்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"ஏங்க லீவரை விட்டீங்க?"

"சிக்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன். என் கை மேல ஒரு கை வந்துச்சு. காதுகிட்ட 'எடுத்துக்கிட்டேன்'னு கேட்டுச்சு." மூச்சு வாங்கினார். "அந்த வார்த்தையைக் கேட்டா நம்ம கை தானா வந்துடுமே. யோசிக்கவே இல்ல. அதுவும் உன் குரல்ல கேட்டுச்சு."

அக்கா வந்தார். ஒரே அறையில்தான் படுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அவர்தான் சோறு ஊட்டினார். நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டது இரண்டு மாதம் கழித்து. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி. விசாரணை அதிகாரி அதிகம் பேசாத மனுஷர். ஓட்டுநர் அறையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். 6.16-க்கு நான் சொன்னது இருந்தது. 6.12-க்குச் சொன்னதும் இருந்தது. பிறகு அதற்கும் முன்னால் பதிவாகியிருந்த ஒன்றைப் போட்டார். நேரம் 6.09. வண்டி சரிவில் நிற்கிறது.

"எடுத்துக்கிட்டேன்."

என் குரல்தான். சந்தேகமே இல்லை.

"அப்போ நான் கீழே பிளாட்பாரத்துல இருந்தேன் சார்" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லி, கணினியை என் பக்கம் திருப்பினார்.

பிளாட்பாரக் கேமரா. 6.09. கூட்டத்துக்கு முன்னால், மஞ்சள் கோட்டைத் தாண்டி நான் நிற்கிறேன். முகம் சுரங்க வாயைப் பார்த்திருக்கிறது. வலது கை முன்னால் நீண்டிருக்கிறது. லீவர் இருக்கும் உயரம். விரல்கள் எதையோ மூடிப் பிடித்திருக்கின்றன. என் உதடுகள் ஒருமுறை அசைகின்றன.

பிறகு அந்தக் கை வெடுக்கென்று பக்கவாட்டில் வீசுகிறது. ஒரு ஆளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி.

இது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக இல்லை. அதிகாரி கணினியை மூடிவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் என்னை அனுப்பிவிட்டார்.

என் கணவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இப்போது இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பிவிட்டோம். நேற்றுச் சாயங்காலம் எல்லையில் அவர் கை மேல் கை வைத்தேன். முகத்தைப் பார்த்தேன். வார்த்தையையும் சொன்னேன். அவர் கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் உன் கை இப்படி ஐஸா இருக்கு?" என்றார்.