ஒத்துப்போன முகவரி

கையில் ஒரு துண்டுச் சீட்டோடு, போடியில் நான் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஏலக்காய் வியாபார அலுவலகத்தில் மேசை மேசையாக நடந்த காலைப்பொழுதை நினைத்தால் இன்றும் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடிவதில்லை. சீட்டில் எண்ணும் ஆங்கில எழுத்துமாகப் பன்னிரண்டு குறிகள். ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் கார்டிலும் தயாரிக்கும்போதே பதிந்துவிடும் முகவரி அது. முந்தைய நாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஏலத்தில் நாங்கள் எந்த விலைவரை கேட்போம் என்ற பட்டியல் அலுவலக மின்னஞ்சலிலிருந்து போட்டி வியாபாரிக்குப் போயிருந்தது. அப்போது இணையத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி என்று மோடத்தின் பதிவு காட்டியது. அதன் முகவரிதான் என் சீட்டில்.

முதலாளியின் சந்தேகம், அலுவலகத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் ஊழியர்மேல். ராயப்பன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பதினோரு வருடமாகக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தவர். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகாமல் மேசையிலேயே சாப்பிடுவார் என்பதைத் தவிர அவருக்கு எதிராக வேறு எதுவும் இல்லை.

“தம்பி, என் மெஷின்ல மொதல்ல பாரு. எல்லாரும் இங்கன நிக்கையிலயே பாரு,” என்றார் அக்கா.

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன். ‘பிசிக்கல் அட்ரஸ்’ என்ற வரி வந்தது. முதல் ஆறு குறிகளும் சீட்டில் இருந்தபடியே இருந்தன. அக்காதானோ என்று நினைத்துவிட்டேன். ஒரே கம்பெனி கார்டுகளுக்கு முன்பாதி ஒன்றாகத்தான் இருக்கும் என்பது அந்த நேரத்தில் மறந்தே போனது. ஏழாவது குறி வேறு. அது இந்தக் கணினி இல்லை; எல்லாவற்றையும் பார்த்தபின் சொல்லலாம் என்று அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.

மற்ற மேசைகளிலும் ஒத்துப்போகவில்லை. மிச்சமிருந்தது முதலாளியின் மச்சினர் அறை. அன்று காலைதான் அவர் குமுளிக்குப் போயிருந்தார். அங்கே பன்னிரண்டும் ஒத்துப்போயின. மூன்று முறை சரிபார்த்துவிட்டு முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். அவர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிரு. இது வெளிய தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும்.”

வெளியே வந்து அப்படியே சொன்னேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த மாதம் அது.

“அம்புட்டுத்தானா தம்பி?” என்று கேட்டார் அக்கா. தலையாட்டினேன். அன்று சாயங்காலம் மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அவர்தான் செய்திருப்பார் என்று அலுவலகம் பேசியது. நான் மறுத்துப் பேசவில்லை.

இப்போது தேனியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். புதுக் கணினி வந்தால் இந்த முகவரியைப் பார்த்துப் பதிவது என் பொறுப்பு. ஏழாவது குறிக்கு வரும்போதெல்லாம் கை நின்றுவிடும். போன மாதம் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அந்த மதியம் மொதலாளி மச்சினரு அவுக ரூமுக்குள்ள போனதப் பாத்தேன்,” என்றார். “நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாக. நீ சொல்லுவன்னுதான் பேசாம நின்னுக்கிட்டிருந்தேன்.”