டின்னுக்குள் போட்ட கொலுசு

நம்புகிறவர்கள் நம்பட்டும். மற்றவர்கள் போய் வேலையைப் பார்க்கட்டும். யாரையும் நம்ப வைத்துக் காளிராஜுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது நடந்தது. 2007, சித்திரை வெயிலில், பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்கிறவன், உச்சி வெயிலில் தனியாக நின்று பார்க்காதவன்.

காளிராஜ் திருத்தங்கலில் லாரி ஓட்டிக் கிழவரானவர். பெங்களூரிலிருந்து மகள் ஐஸ்வர்யாவும் மருமகன் மணிகண்டராஜும் வந்திருந்தார்கள். மருமகன் கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு மிஷின். எவனோ எங்கேயோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, இடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுவானாம். மிஷின் காட்டுகிற பக்கம் போய் அதைத் தேட வேண்டுமாம். மருமகனுக்கும் அதுதான் முதல் தடவை.

"கண்டுபிடிச்சா என்ன தருவாக?"

"ஒண்ணும் இல்ல மாமா. உள்ள இருக்கிறதுல ஒண்ணை எடுத்துக்கிட்டு, நம்மளது ஒண்ணை வைக்கணும். சும்மா ஜாலிக்கு."

"குப்பை பொறுக்குறவனுக்காவது சாயங்காலம் கஞ்சி கிடைக்கும்" என்றார் காளிராஜ்.

ஆனாலும் கூடப் போனார். மகள் நாலு மாதக் கர்ப்பம். அந்த ஆளை நம்பி அவளை முள்ளுக்காட்டுக்குள் அனுப்ப மனமில்லை.

எம். புதுப்பட்டி தாண்டி, சீமைக்கருவேலத்துக்குள் ஒரு பட்டாசுக் கம்பெனி. வெடித்து, மூடி, பத்து வருஷமாகியிருந்தது. கூரையில்லாத ரூம்கள். மணி பன்னிரண்டே கால். கேட்டுத் தூண் பக்கம் போனதும் மிஷின் கீச்சென்றது. தூணடியில் ஒரு பிஸ்கட் டின்.

உள்ளே கொலுசுகள், வளையல், ஊக்கு, கொண்டை ஊசி.

"அங்கனயே வைங்க மாப்ள. மருந்து ரூமுக்குப் போற பொம்பளையாளுக கழட்டிப் போடுறது இது. எதுவும் உரசித் தீப்பொறி வந்துரக் கூடாதுன்னு. வேலை முடிஞ்சு வெளிய வந்தாத்தான் எடுப்பாக."

"கம்பெனியே இல்லையே மாமா."

"அப்ப டின்னு ஏன் துருப்பிடிக்கல?"

மருமகன் சிரித்தார். படித்த சிரிப்பு. ஒரு கொண்டை ஊசியை எடுத்தார். அதில் ஒரு நீள முடி சுற்றியிருந்தது. அதில் எண்ணெய் காயவில்லை... அதைக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஐசு, உன்னோடது ஒண்ணு போடு."

அவள் ஒற்றைக் கால் கொலுசைக் கழற்றிப் போட்டாள்.

டங்.

காக்கைச் சத்தம் நின்றது. காற்றும் நின்றது.

உள்ளே எங்கேயோ... டொக்... டொக்... கட்டையால் மருந்து இடிக்கிற சத்தம்.

ஐஸ்வர்யா செருப்பைக் கழற்றினாள். ஓரமாக விட்டாள். முள்ளில் வெறுங்காலோடு உள்ளே நடந்தாள்.

"ஏத்தா. எங்க போற?"

அவள் திரும்பவில்லை. "சீசன் நேரம் அண்ணாச்சி. போர்மேன் ஏசுவாரு."

பெற்ற அப்பனை அண்ணாச்சி என்றாள். குரலும் அவளுடையது இல்லை.

டொக். டொக். டொக்.

மருமகன் மிஷினைப் பிடித்தபடி மரம்போல் நின்றார்.

காளிராஜ் டின்னுக்குள் கையை விட்டார். கையில் அகப்பட்ட கொலுசை இழுத்தார். ஓடினார்.

ரூம் வாசல்.

அவள் ஒரு கால் உள்ளே...

கொலுசில்லாத மறு காலைப் பிடித்து மாட்டினார். திருகாணியை முடுக்கினார்.

சத்தம் நின்றது.

"அப்பா... கால் எரியுதுப்பா."

மருமகன் ஊசியை டின்னுக்குள் எறிந்துவிட்டு ஓடிவந்தார். ரோட்டுக்கு வந்து மிஷினைப் பார்த்தார். பெட்டி இருக்கும் இடம் என்று இப்போது அது காட்டியது அரை மைல் தள்ளி இருந்த பாலத்தை.

புதுப்பட்டி டீக்கடையில் தண்ணீர் கேட்டார்கள். கடைக்காரி வீரலட்சுமி சொம்போடு வந்தவள், ஐஸ்வர்யாவின் காலைப் பார்த்து நின்றாள். குனிந்து கொலுசைத் தொட்டாள்.

"இது என் தங்கச்சி பொன்னுத்தங்கத்தோடது. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

தங்கை அந்த வெடியில் போனவள். எது யாருடையது என்று பிரிக்க ஆளில்லாமல், டின்னை அப்படியே தூணடியில் இடுப்பளவு ஆழத்தில் புதைத்ததாகச் சொன்னாள்.

சாயங்காலமே காளிராஜ் ஆள் கூட்டிப் போனார். தூணடியில் டின் இல்லை. தோண்டினார்கள். இடுப்பளவில் இருந்தது. துருவேறி, மூடி ஒட்டிப் போயிருந்தது. கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள்.

மற்றவை எல்லாம் புதைத்தபடியே இருந்தன. ஐஸ்வர்யாவின் கொலுசும் இருந்தது. போன மாதம் பெங்களூரில் வாங்கியது.

அது மட்டும் தீயில் உருகிக் கிடந்தது.