புலிமுகச்சிலந்தியும் என் நரிவெங்காயமும்

எனக்குக் குதிக்காலில் ஆணி. நரிவெங்காயத்தைச் சுட்டு, சூடு ஆறுமுன் அதன்மேல் மிதிக்கச் சொன்னார் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார். எங்கள் கிணற்றடியில் அது தானாகவே முளைத்து நிற்கிறது. நான் அதைச் சுற்றி வேலியும் போட்டிருக்கிறேன். ஆடு கடித்தால் வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆடுதான் செத்துப்போகும், அவ்வளவு நஞ்சு.

சிக்கல் கக்கூசில். கதவு நிலையின் பொந்துக்குள் கையகலத்தில் ஒரு புலிமுகச்சிலந்தி குடியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம். மூன்று நாள் பக்கத்து வீட்டுக் கக்கூசுக்குத்தான் போனேன். அந்த வீட்டுக்காரர் வவுனியாவில் புடைவைக்கடை வைத்திருப்பவர், பொறுமைசாலி. நான்காம் நாள் அவரே வேலியடிக்கு வந்தார்.

"அண்ணே, நாளைக்கு மகள்ட மாப்பிள்ளை வீட்டாக்கள் வாறாங்க. நீங்க வாளியோட வந்து நிண்டா நான் என்னெண்டு சொல்றது?"

கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தேன். கக்கூஸ் வாசலில் மனைவி குறுக்கே நின்றாள்.

"வழியை விடும். அந்தச் சிலந்தி நஞ்சு" என்றேன்.

"உங்கட வெங்காயம் என்ன அமிர்தமோ? இண்டைக்குக் கறிக்கு வெட்டிப் போடட்டோ?"

"வெங்காயம் ஓடிவந்து கடிக்காது."

"இதுவும் ஓடி வரேல்லை. நீங்கள்தான் ஓடுறியள்."

"அது மருந்து."

"இது கரப்பொத்தான் பிடிக்குது. நீங்கள் பிடிப்பியளோ? ரெண்டும் ஒரே குணம்தான். கோடையில ஒளிச்சிருக்கும், மழை விழுந்தாத்தான் தலை காட்டும். கொல்லுறதெண்டால் முதல் உங்கட வெங்காயத்தைக் கிண்டுங்கோ."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆனாலும் தடியைக் கீழே போடவில்லை. அப்போதுதான் அவள் குரல் இறங்கியது.

"சண்டை முடிஞ்சு முகாமிலயிருந்து வரேக்க எங்கட வீட்டில மிஞ்சினது இந்தக் கதவு நிலை மட்டும்தான். கக்கூசுக்கு வைப்பமெண்டு தூக்கேக்க, உள்ளுக்கு இது இருந்தது. இதுவோ, இதின்ர தாயோ தெரியாது. கிணத்தடியில உங்கட வெங்காயம் பூத்து நிண்டது. நாங்கள் எல்லாரும் ஓடேக்க, காணியை விட்டுப் போகாமல் இருந்தது இதுகள் ரெண்டும்தானப்பா."

அந்த நிலையின் ஒரு முனையை நான்தான் பிடித்துத் தூக்கினேன். மறந்தே போயிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

தடியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன். மேலே பொந்திலிருந்து இரண்டு கால்கள் எட்டிப் பார்த்தன. நானும் பார்த்தேன். எப்படியோ காரியம் முடிந்தது.

இப்போதெல்லாம் கதவை ஒருதரம் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். கால் ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது. மண்வெட்டியோடு இரண்டு தரம் கிணற்றடிக்குப் போனேன். வெங்காயத்தைக் கிண்ட மனம் வரவில்லை.